இதற்குப் பெயர் ஹொட் ரொட் அல்ல

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் சென்ற ஆண்டு கோடையில் ஒரு பழைய காரை வாங்கினான். 1951ஆம் ஆண்டின் போர்ட். நகருக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் பல ஆண்டுகள் தூசி படிந்து கிடந்தது. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. அதனை ஒரு 'ஹொட் ரொட்' ஆக்கி ஓட்ட வேண்டும் என்பது அவனுடைய இளமைக்கால ஆசை. பழைய காரொன்றின் எஞ்சினைப் பிரித்து, அதன் வலுவைக் கூட்டி, தேவையற்ற பாரத்தைக் குறைத்து வேகமாக ஓடச் செய்வதனையே அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைக்கிறார்கள்.

அவ்வேளையில் நானும் தங்கை வீட்டில்தான் தங்கியிருந்தேன். காரைப் பார்க்க ஒரு கராஜ் உரிமையாளர் வந்தார். பொனற்றைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். மூடினார். "தம்பி, உந்த இரும்பைக் கழற்றி எறியும். செவ்ரோலெட் 350 ஒண்டு பெட்டியிலை புதுசா வரும். இறக்கிப் பூட்டினால் ரெண்டு கிழமையிலை ஓடலாம்" என்றார். சுற்றி நின்ற உறவினர் அனைவரும் தலையசைத்தனர். நான் ஒருவன் மட்டுமே மறுத்தேன். "பத்திரிகைக்காரனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்று மைத்துனர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அன்று விருந்துக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. இது அந்தப் பதில்.

கழற்றி எறியச் சொன்ன பொருள் என்னவென்று முதலில் பார்ப்போம்.

1932ஆம் ஆண்டு, உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், ஹென்றி போர்ட் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினைச் சாதாரண மக்களின் காருக்குள் வைத்தார். அதுவரை வி8 என்பது பெரும்பாலும் செல்வந்தர்களின் கார்களுக்கே உரியது. போர்டின் பொறியியலாளர்கள் புளொக் முழுவதையும் ஒரே வார்ப்பாக வார்க்கும் வித்தையைக் கண்டனர். 221 கன அங்குலம், 65 குதிரைவலு. அந்தக் காரின் மிகக் குறைந்த விலை 500 டொலருக்கும் கீழே இருந்தது. வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் புளொக்கின் உள்ளேயே இருந்தமையால் ஹெட் வெறும் தட்டையான மூடியாகவே இருந்தது. 'பிளற்ஹெட்' என்ற பெயர் அதனால் வந்தது. அமெரிக்காவில் 1953 வரையும் கனடாவில் 1954 வரையும் இவ்வெஞ்சின் கார்களில் வந்தது. மருமகனுடைய காரில் இருப்பது அதன் பிற்காலத்து வடிவம். 239 கன அங்குலம், 100 குதிரைவலு.

தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், முரொக்கிலும் எல் மிராஜிலும், கையில் காசில்லாத இளைஞர்கள் இந்த எஞ்சின்களைக் கொண்டுதான் ஓட்டப் பந்தயம் நடத்தினர். 1937இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கமும் அமைத்தனர். யுத்தம் முடிந்து இராணுவத்திலிருந்து திரும்பிய பலர் அங்கே கற்ற இயந்திர வேலையைப் பழைய போர்ட் கார்களில் காட்டினர். புதிய காருக்கு வசதியில்லாதவன் பழைய காரைப் பிரித்தான். கடையில் பாகம் கிடைக்காதபோது தானே செய்தான். விக் எடெல்புரொக் ஒரு கராஜ் மெக்கானிக். தன் 1932 போர்டுக்காக இரு காபரேற்றர்களைத் தாங்கும் மனிபோல்டை வார்த்தார். எட் இஸ்கெண்டேரியன் காம் தண்டுகளைத் தானே அரைத்து விற்கத் தொடங்கினார். சோரா ஆர்கஸ்-டன்டொவ் என்பவர் இதே புளொக்கின் மேல் வால்வுகளை ஏற்றி 'ஆர்டன்' என்ற ஹெட்டை உருவாக்கினார். 1948 ஜனவரியில் 'ஹொட் ரொட்' என்ற சஞ்சிகை வெளிவந்தபோது அது எழுதியதெல்லாம் இவ்வாறான மனிதர்களைப் பற்றித்தான்.

ஆகவே ஹொட் ரொட் என்பது காரின் தோற்றத்துக்கு வைத்த பெயர் அல்ல, எஞ்சினில் செய்த வேலைக்கு வைத்த பெயர் என்கிறேன். பெட்டியில் வந்த எஞ்சினை இறக்கிப் பூட்டி, வெளியே நெருப்புச் சுவாலை வரைந்த காருக்கு வேறு ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளட்டும். அழகாகவே இருக்கும். அதைக் குறித்து எனக்குப் பொறாமை இல்லை.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் உண்டு. இரண்டுமே வலுவானவை.

முதலாவது, அந்தப் பழைய இளைஞர்களே எஞ்சின் மாற்றியவர்கள்தானே என்பது. உண்மை. 1949இல் ஒல்ட்ஸ்மொபீலும் கடிலாக்கும் வால்வு மேலேயுள்ள வி8 எஞ்சின்களைக் கொண்டுவந்தபோது அவற்றைப் பழைய போர்ட் கார்களில் பொருத்தினார்கள். 1955இல் செவ்ரோலெட் தன் 265 கன அங்குல எஞ்சினை வெளியிட்டதும் பிளற்ஹெட்டின் ஆட்சியே முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் அந்த எஞ்சின்களை எங்கிருந்து எடுத்தார்கள்? விபத்தில் நொறுங்கிய கார்களிலிருந்தும் பழைய இரும்புக் கடைகளிலிருந்தும். எடுத்ததைப் பிரித்தார்கள், அளந்தார்கள், தேய்ந்ததை மாற்றினார்கள். எஞ்சின் மாறியபோதும் வேலை மாறவில்லை. இன்று பெட்டியில் வருவது யாரோ ஒருவர் பிரித்து, அளந்து, பூட்டி, முத்திரை குத்திய எஞ்சின். வாங்குபவன் செய்வதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

இரண்டாவது வாதம் பணமும் நம்பகமும். பெட்டி எஞ்சின் மலிவு, வலு அதிகம், கொதிக்காது என்கிறார்கள். நாள்தோறும் வேலைக்கு ஓட்டும் காரென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் கராஜ்காரர் சொன்னது பெட்டியின் விலையை மட்டும். 100 குதிரைவலுவுக்காகச் செய்த காரில் 300 குதிரைவலுவை இறக்கினால் பழைய கியர்பொக்ஸ் தாங்காது. பின் அச்சு தாங்காது. பழைய டிரம் பிரேக்கை நம்பி அந்த வேகத்தில் ஓடவும் முடியாது. எஞ்சின் தாங்கிகளை வெட்டி ஒட்டவேண்டும், ரேடியேற்றரை மாற்றவேண்டும். இவை ஒவ்வொன்றும் தனித் தனிப் பட்டியலில் வரும். இறுதியில் 1951ஆம் ஆண்டின் கார் என்று சொல்வதற்குத் தகடும் கண்ணாடியும்தான் மிஞ்சும்.

இவ்விடத்தில் இன்னொரு சாராரையும் தொட்டுச் செல்லவேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருக்கவேண்டும், ஓர் ஆணியைக்கூட மாற்றக்கூடாது என்னும் தூய்மைவாதிகள். அவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. அருங்காட்சியகத்துக்கு அது சரி. ஆனால் இந்த எஞ்சினின் வரலாறே அதனை மாற்றியவர்களின் வரலாறு.

பிளற்ஹெட் கொதிக்கும் என்ற பழிக்கு வருகிறேன். அது பொய்யல்ல. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு சிலிண்டர்கள்; புகை வெளியேறும் வாயில்களோ மூன்றுதான். நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாயிலைப் பங்குபோடுகின்றன. வால்வுகள் உட்புறத்தில் இருப்பதால், சூடான புகை புளொக்கின் குறுக்கே, குளிர்விக்கும் நீரின் நடுவே நடந்துதான் வெளியேறவேண்டும். வெளியே போகவேண்டிய சூட்டைத் தண்ணீருக்குள் கொடுத்துவிட்டுப் போகும் அமைப்பு அது. பிறவிக் குறைதான்.

ஆனால் பிறவிக் குறைக்கும் பராமரிக்காத குறைக்கும் வேறுபாடு உண்டு. பழைய புளொக்குகளின் நீர்ப் பாதைக்குள் வார்ப்பின்போது தங்கிய மணலும் பின்னர் சேர்ந்த துருவும் படிந்து கிடக்கும். அதைக் காரத் தொட்டியில் அவித்து, கம்பி விட்டுத் துழாவி எடுக்காமல் புதிய ரேடியேற்றர் பூட்டி என்ன பயன்? வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே விழும் வெடிப்புகளைக் காந்தமும் இரும்புத் தூளும் கொண்டு தேடவேண்டும். நீர்ப் பாதையை அடைத்து அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கவேண்டும். தீப்பொறி பிந்தி விழுந்தால் எரிவு புகைபோக்கிவரை நீண்டு சூட்டைக் கூட்டும், அதையும் திருத்தவேண்டும். இவற்றைச் செய்யாமலே 'கொதிக்கும்' என்று தீர்ப்பு எழுதியவர்கள்தான் அதிகம்.

வலுவைக் கூட்டும் வேலை அதற்குப் பிறகே வரும். 3 3/16 அங்குல விட்டமுள்ள சிலிண்டரை 3 5/16 ஆகக் கடைந்து, 1949 முதல் 1953 வரை மெர்குரி கார்களில் வந்த 4 அங்குல வீச்சுள்ள கிராங் தண்டைப் பூட்டினால் 239 கன அங்குலம் 276 ஆகும். இது அந்தக் காலத்து இளைஞர்கள் கண்டுபிடித்த வழி. கடைவதற்கு முன் சுவரின் தடிப்பை ஒலியலைக் கருவியால் அளக்கவேண்டும். வார்ப்பின்போது அச்சு சற்று விலகியிருந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்திருக்கும்.

அமுக்கத்தைக் கூட்டும் விடயத்தில்தான் பிளற்ஹெட்டின் சூட்சுமம் இருக்கிறது. இந்த எஞ்சினில் காற்றும் பெற்றோலும் கலந்த கலவை வால்விலிருந்து பக்கவாட்டில் நகர்ந்துதான் பிஸ்டனின் மேல் வரவேண்டும். ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய இடைவெளிதான் பாதை. ஹெட்டைச் சீவி அமுக்கத்தைக் கூட்டினால் பாதை ஒடுங்கி மூச்சுத் திணறும். பாதையை அகலமாக்கப் புளொக்கைச் செதுக்கினால் அமுக்கம் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதைப் பெறலாம். எவ்வளவு கொடுப்பது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அந்த எஞ்சினைப் பார்த்து, அந்த ஓட்டுநர் எப்படி ஓட்டுவான் என்பதை அறிந்து முடிவெடுக்கவேண்டும். இந்த முடிவைத்தான் நான் தொழில் என்கிறேன்.

கண்காட்சிகளில் மூன்று ஸ்ரோம்பேர்க் 97 காபரேற்றர்களை வரிசையாக வைத்து மினுக்கியிருப்பார்கள். படத்துக்கு அழகு. தெருவில் ஓட இரண்டு போதும். மேலும் ஒரு சங்கதி. 1949க்குப் பிந்திய போர்டின் டிஸ்ரிபியூற்றர், தீப்பொறியை முந்தச் செய்வதற்குக் காபரேற்றரில் உண்டாகும் வெற்றிட இழுவையை மட்டுமே நம்பியிருக்கிறது. அதற்கென்றே அமைந்த காபரேற்றரைக் கழற்றிவிட்டு ஸ்ரோம்பேர்க்கைப் பூட்டினால் தீப்பொறிக்கு நேரம் தெரியாமல் போய்விடும். ஆயிரக் கணக்கில் செலவழித்தும் எஞ்சின் சோம்பேறியாக நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் மனம் வெறுத்துப் பெட்டிக்கு ஓடுகிறார்கள். சுழற்சி வேகத்தில் எடைக்கற்கள் விரிந்து நேரத்தை மாற்றும் வேறொரு டிஸ்ரிபியூற்றரைப் பூட்டினால் தீரும் கோளாறு இது.

இவ்வளவையும் பத்திரிகைக்காரன் எங்கே கற்றான் என்று மைத்துனர் மீண்டும் கேட்பார். ஒரு பகுதி வாசித்தது. மறுபகுதி யாழ்ப்பாணத்தில், 1990க்கும் 1995க்கும் இடையில்.

என் தகப்பனாரிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 சோமசெற் கார் இருந்தது. 1200 சிசி, நான்கு சிலிண்டர். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பத்திரிகைகள் பாடக்கொப்பித் தாளில் அச்சான காலம். அப்போது ஏ40களும் மொரிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெளியூர்க்காரர் இதனை ஒரு வேடிக்கைக் கதையாக மட்டுமே சொல்கிறார்கள். அதில் எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு.

ஏனெனில் அது வேடிக்கை அல்ல, வித்தை. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது; தானாக எரிந்து பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கும். கொக்குவிலில் எங்கள் காரைப் பார்த்த மெக்கானிக் ஹெட் கஸ்கற் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமுக்கத்தைக் குறைத்தார். டிஸ்ரிபியூற்றரைச் சிறிது திருப்பித் தீப்பொறியைப் பிந்தவிட்டார். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பதற்காக, எண்ணெய் வரும் குழாயைப் புகைபோக்கியில் சுற்றிச் சூடாக்கினார். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும் என்பதால் வாரம் ஒருமுறை ஒயில் கம்பியை இழுத்து விரலில் தொட்டு உருட்டிப் பார்ப்பார். ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்து, "மூண்டாவது அடிக்குது" என்பார். கழற்றினால் மூன்றாவதில்தான் கோளாறு இருக்கும்.

அமுக்கம், தீப்பொறியின் நேரம், கலவை, சூடு. கலிபோர்னிய இளைஞன் இந்த நான்கையும் வேகத்துக்காக மேலே ஏற்றினான். எங்கள் மெக்கானிக் இதே நான்கையும் வைத்தியசாலைக்குப் போகும் அவசரத்துக்காகக் கீழே இறக்கினார். இருவரும் ஒரே தொழிலாளிகள். ஒருவருக்குச் சஞ்சிகையும் அருங்காட்சியகமும் கிடைத்தன. மற்றவரின் பெயரைக்கூட எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருக்கவேண்டியவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்டி எஞ்சின் யோசனையை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பதற்குக் காரணம், அதை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். 2002இல் ஏ9 பாதை திறந்தது. எல்லாப் பொருளும் வந்தன. ஐந்தாண்டுகள் மண்ணெண்ணெய் குடித்தும் ஓடிய அந்த 1200 சிசி எஞ்சினைப் பிரித்துத் திருத்துவதற்குப் பதிலாக, 2003இல் கொழும்பிலிருந்து ரீகண்டிஷன் ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றை எடுப்பித்துப் பூட்டச் சொன்னேன். பூட்டியவர் சொன்னதைச் செய்தார், சொன்னவன் நான். பாரமான எஞ்சின். தாங்கிகளை வெட்டி ஒட்டினார்கள். கார் நின்ற இடத்திலேயே நடுங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் கதவுத் தூணின் அடியில் தகடு வெடித்தது. பிறகு ஒட்ட ஒட்ட வெடித்தது. பழைய எஞ்சின் மாமரத்தடியில் ஒரு படங்கின் கீழ்க் கிடந்தது. யுத்தம் முடிந்த மறு ஆண்டு பழைய இரும்பு வாங்குபவர்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தபோது, காரையும் எஞ்சினையும் ஒரே தராசில் நிறுத்துக் கொடுத்தேன். எஞ்சினை இறைச்சிக் கடைப் பங்குபோலத் தூக்கி லொறியில் எறிந்தார்கள். தகப்பனார் அப்போது உயிரோடு இல்லை. அது ஒன்றே ஆறுதல்.

அன்று எனக்குக் குறைந்தது என்ன? பணம் இருந்தது, பாகங்கள் இருந்தன. கொக்குவில் மெக்கானிக் மட்டும் 1995 இடப்பெயர்வுக்குப் பின் ஊர் திரும்பவில்லை. அவரிடம் வேலை பழகிய பையன்கள் எஞ்சினை மாற்றக் கற்றிருந்தார்கள், திருத்தக் கற்கவில்லை. இன்று ரொறன்ரோவில் நடப்பதும் இதுதான். சிலிண்டர் கடையும் பட்டறைகளுக்கு வேலை வராவிட்டால் அவை மூடப்படும். மூடப்பட்டால், மறுமுறை ஒருவன் தன் பழைய எஞ்சினைக் காப்பாற்ற விரும்பினாலும் பெட்டியைத் தவிர வழி இருக்காது. 'திருத்த ஆள் இல்லை' என்று சொல்லிச் சொல்லியே ஆள் இல்லாமல் செய்கிறோம்.

பிளற்ஹெட் எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. உறைபனியில் நீர் கட்டியாகிச் சுவர் பிளந்த புளொக்கை எல்லா வேளையிலும் மீட்க முடியாது. நான் கேட்பது ஒன்றுதான். பொனற்றை ஒரு நிமிடம் திறந்து பார்த்துத் தீர்ப்பு எழுதவேண்டாம். எஞ்சினை இறக்குங்கள், அவியுங்கள், வெடிப்புத் தேடுங்கள். அதற்கு ஆகும் செலவு பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான். பார்த்த பின்பும் முடியாது என்றால் பெட்டியைக் கொண்டுவாருங்கள். நானே தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுகிறேன்.

மருமகன் எஞ்சினை இறக்கினான். இறுகிய பிஸ்டன்களைக் கழற்றவே மூன்று கிழமைகள் பிடித்தன. பட்டறையில் அவித்தபோது நீர்ப் பாதையிலிருந்து ஒரு வாளி மண்ணும் துருவும் வந்ததாகப் படம் அனுப்பினான். வலது பக்கத்தில் ஒரு வால்வு இருக்கையருகே ஒரு வெடிப்பு. ஊசிபோன்ற இரும்பு ஆணிகளை நெருக்கமாக இறுக்கி அதைத் தைத்துத் தருவதாகப் பட்டறையிலுள்ள முதியவர் ஒருவர் ஏற்றிருக்கிறார். 276 வேண்டாம், சுவரின் தடிப்பு ஓரிடத்தில் போதாது, சற்றுக் குறைவாகவே கடைவோம் என்றும் சொன்னாராம்.

நேற்றிரவு தொலைபேசியில் பேசினான். குரலில் களைப்பு இருந்தது. "மாமா, ஸ்குரூ டிரைவரைக் காதிலை வைக்கிறது எண்டு சொன்னீங்களே, பிடியைக் காதுக்குள்ளையோ, காதுக்குப் பின்னாலை எலும்பிலையோ?" என்று கேட்டான்.

எலும்பில் என்று சொன்னேன்.